பச்சைப் பாட்டில்

அவளேதான். கழுத்தில் தொங்குகிற ஸ்கேன் சென்டர் அட்டையின் நீல நாடா ஒன்றே போதும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் முடியாது, மஞ்சள் துப்பட்டாவைக் கண் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிக்கொண்டு வாசலருகே பையை ஒப்படைத்து டோக்கன் வாங்க நிற்கிறாள். ஸ்கூட்டியில் வருகிற பெண்கள் எல்லாரும்தான் இப்படிச் சுற்றிக்கொள்கிறார்கள், திருச்சி வெயிலுக்குச் சுற்றாமல் என்ன செய்வார்கள், நீல நாடா போட்ட ஆபீஸ் ஊருக்குள் ஒன்றுதானா இருக்கிறது என்று தமயந்தி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மணி இரண்டரை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடையே கொஞ்சம் கண் அசருகிற நேரம். நாலு மாடிக் கடையின் தரைத்தளத்தில், நுழைந்ததும் வலது கைப்பக்கம், அழகுப் பொருள் விற்கிற கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால் காலை பத்து மணியிலிருந்து நிற்கிறாள். பதினெட்டு வருஷமாக நிற்கிறாள் என்று சொன்னாலும் தப்பில்லை. உட்கார ஸ்டூல் உண்டு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு கவுண்டருக்கு ஒன்று கொடுத்தார்கள். அதில் பஞ்சு மூட்டை உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் அழகுக்கு ஆலோசனை சொல்கிறவள் உட்கார்ந்திருந்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள் என்பது சூப்பர்வைசர் தனபாலின் கண்டுபிடிப்பு. சரி, பஞ்சாவது உட்காரட்டும். இடது குதிகாலைத் தூக்கி வலது கால்மேல் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் டோக்கனை வாங்கிவிட்டாள். பெயர் அபிநயா. போன வாரம் செவ்வாய்க்கிழமை பில் போடும்போது போன் நம்பரோடு பெயரும் சொன்னாள், மண்ணச்சநல்லூர் என்றாள், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்றாள், கேட்காததையெல்லாம் சொல்கிற பெண். அவளுக்குத்தான் தமயந்தி பச்சைப் பாட்டில் டோனரைக் கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது. கொடுக்கும்போதே அது தெரியும், அதுதான் உறுத்துகிறது, தெரியாமல் கொடுத்திருந்தால் இன்றைக்குப் பாவம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நின்றிருக்கலாம்.

இந்தப் பக்கமே வரட்டும், வராமலே போகட்டும், இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருக்கும்போது கவுண்டருக்கு எதிரே வேறொரு அம்மாள் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பையில் சிவப்பு மை பேனா செருகியிருந்தது, பார்த்ததுமே டீச்சர் என்று எழுதி ஒட்டின மாதிரி. ஃபேஸ்வாஷ் ஒன்று வேண்டுமாம், மகள் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் வைத்துப் படித்தாள். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், நடுவில் டோனர். ஃபேஸ்வாஷ் தெரியும், மாய்ஸ்சரைசரும் தெரியும், குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிற மாதிரி, இந்த டோனர் எதற்கு என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஏமாற மாட்டேன் என்பதும் இருந்தது, எப்படியும் ஏமாறத்தான் போகிறேன், கொஞ்சம் மரியாதையாக ஏமாற்று என்பதும் இருந்தது. தமயந்தியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. முகம் கழுவினா அழுக்கு போயிடும்னு நினைப்போம் மேடம், ஆனா தோல் துவாரத்துக்குள்ள இருக்கிறது போகாது, டோனர்தான் அதை எடுத்துத் துவாரத்தை மூடும். இதைச் சொல்லும்போது அவள் மனசு வாயோடு வருவதில்லை. வாய் ஒரு பக்கம் வேலைக்குப் போய்விடும், மனசு இன்னொரு பக்கம் போகும், சாயங்காலம் இரண்டும் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து எடமலைப்பட்டி புதூர் பஸ் ஏறும். டீச்சரின் இடது கையை வாங்கிப் புறங்கையில் ஃபேஸ்வாஷ் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பஞ்சில் டோனரை நனைத்து இழுத்தாள். பஞ்சு மண்நிறமாக வந்தது. வராமல் இருக்காது. காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்த யாருடைய புறங்கையை எதைக்கொண்டு துடைத்தாலும் பஞ்சு மண்நிறமாகத்தான் வரும், வெறும் தண்ணீரில் துடைத்தாலும் வரும். ஆனால் ஈரத்துணியால் லேசாக, மெத்தென்று துடைக்க வேண்டும், பஞ்சால் அழுத்தி இழுக்க வேண்டும், அதுதான் வேலை தெரிந்தவள் கை. பாருங்க மேடம் என்று பஞ்சைக் காட்டும்போது எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம்தான் வருகிறது, யாரோ நடுவீட்டில் நின்றுகொண்டு உன் வீடு பெருக்கவில்லை என்று சொன்ன மாதிரி. டீச்சருக்கும் வந்தது. ஐயோ இவ்வளவா என்றாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்திருப்பாளோ என்னவோ, அந்தப் பஞ்சு முன்னால் எல்லாம் போயிற்று.

அபிநயா நேராக வரவில்லை. கவுண்டரில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு எதிரே கிளிப்பும் வளையலும் தொங்குகிற சுழல் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அதைச் சுற்றிச் சுற்றி விடுகிறாள், ஒன்றையும் எடுக்கவில்லை. துப்பட்டாவை இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே ஏசி போட்டிருக்கிறது, வெயில் இல்லை, எல்லாப் பெண்களும் வாசலைத் தாண்டியதும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள், இவள் அவிழ்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம். சண்டை போட வந்திருப்பாளா? சண்டை போடுகிறவள் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவாள், கூட ஒரு மாமனையோ அண்ணனையோ கூட்டி வருவாள், தனபால் ஓடி வந்து கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுப்பார். போன வருஷம் ஹேர்டை போட்டு நெற்றி வீங்கிய ஒருவர் அப்படித்தான் வந்தார், கூல்டிரிங்க்ஸைக் குடித்துவிட்டு வேறு பிராண்டு வாங்கிக்கொண்டு போனார். இவள் சண்டைக்காரி இல்லை. காத்திருக்கிற முதுகு இது. காத்திருந்து, கூப்பிட்டால் வந்து, சொன்னால் கேட்டுக்கொண்டு போகிற முதுகு. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது தமயந்திக்கு.

டீச்சர் இன்னும் விடவில்லை. துவாரம் மூடும் என்கிறாயே, திறந்து மூட அதற்கென்ன கதவா இருக்கிறது என்று கேட்டாள். பஞ்சைப் பார்த்த அதிர்ச்சியிலிருந்து அறிவியல் மெதுவாகத் தலை தூக்குகிறது. இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் ஒரே ஒருத்திதான் கேட்டிருக்கிறாள், ஆறேழு வருஷம் ஆகிறது, தோல் டாக்டராம், யாருக்கோ பரிசு வாங்க வந்தவள், பஞ்சு வித்தையைப் பக்கத்தில் நின்று முழுக்கப் பார்த்துவிட்டு மெதுவான குரலில் சொன்னாள், அந்தக் காலத்துச் சோப்பு முகத்தை வறட்டிவிடும், அது விட்டுப்போன பிசுக்கை எடுக்க ஒன்று தேவைப்பட்டது, இப்போது வருகிற ஃபேஸ்வாஷுக்குப் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை, எண்ணெய் வழிகிற முகத்துக்குச் சிலருக்குக் கொஞ்சம் சுகம், மற்றவர்களுக்குத் தண்ணீர் போதும், கெடுதல் செய்யாதவரைக்கும் போட்டுவிட்டுப் போகட்டும். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருக்கலாம். கெடுதல் செய்யாதவரைக்கும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. கெடுதல் இல்லையே, வெள்ளரிக்காய்த் தண்ணீர் மாதிரி ஒன்றுதானே, வாங்குகிறவளுக்கு ஒரு சந்தோஷம், ராத்திரி பஞ்சால் கன்னத்தைத் துடைத்துக்கொள்கிற இரண்டு நிமிஷமாவது தன்னைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், வீட்டில் வேறு யார் அவளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் இந்த ஊர்த் தண்ணீர். காவிரித் தண்ணீர் வருகிற தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியாது, போர் தண்ணீரில் முகம் கழுவிப் பார்க்க வேண்டும், வாளியிலேயே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது, முகத்தில் படியாதா? அதைத் துடைக்க டோனர் நல்லதுதானே? நல்லதுதான். நல்லதாக இருக்கலாம். இப்படித்தான் தினமும் பஸ்ஸில் அவள் தனக்குத்தானே விற்றுக்கொண்டு வருவாள், தன்னைவிடச் சுலபமான வாடிக்கையாளர் அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் வீட்டில் அவள் டோனர் போடுவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டாள், கம்பெனி கொடுத்த பாட்டில், தினம் இரண்டு வேளை, சாமி கும்பிடுகிற மாதிரி தவறாமல் நாலு வருஷம். பையன் பத்தாவது பரீட்சைக்குப் படித்த சமயம் பாட்டில் தீர்ந்தது, புதிதாக எடுக்க மறந்தாள், பரீட்சை முடிந்து ஒரு நாள் கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. இரண்டு மாசம் போடவில்லை. முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. நல்லதும் ஆகவில்லை, கெட்டதும் ஆகவில்லை, அதே முகம், கன்னத்து எலும்பின்மேல் அதே மங்கு. அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்டது என்ன உணர்ச்சி என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை, அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் கணவர் நடேசன் குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் போட்டு, அதே ஈரத்துண்டால் கரகரவென்று துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவர், ஐம்பத்திரண்டு வயதில் முகம் புதுக் கத்திரிக்காய் மாதிரி மினுங்குகிறது. அவரைக் கவுண்டருக்கு எதிரே நிறுத்தினால் போதும், கடையை இழுத்து மூடிவிடலாம்.

கதவெல்லாம் இல்லை மேடம், இறுகும், அவ்வளவுதான் என்றாள் டீச்சரிடம். டீச்சர் தலையாட்டினாள். கிளிப் ஸ்டாண்டு ஒரு முறை சுற்றி நின்றது. அன்றைக்கு அபிநயாவிடம் வாய் ஏன் அப்படிச் சொல்லிற்று? அங்கேதான் திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் துப்பட்டாவை எடுத்ததுமே தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. கன்னம் வெயில் படாமலே சிவந்திருந்தது, தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்தக்குழாய், காதோரத்தில் பூனை மயிர் கறுத்திருந்தது. ட்யூப் முகம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கேட்டால் கொடுக்கிற ஒரு ஸ்டீராய்டு க்ரீம் ட்யூப், ஹாஸ்டலில் ஒருத்தி சொல்லி ஒருத்தி வாங்குவது, பூசினால் பத்தே நாளில் வெளுக்கும், வருஷக்கணக்கில் பூசினால் தோல் வெங்காயச் சருகாகிவிடும், நிறுத்தினால் பற்றிக்கொண்டு எரியும். கவுண்டரில் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும், தங்களுக்குள்ளே வைத்துக்கொண்ட பெயர்தான் ட்யூப் முகம். தெரிந்தவர்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு, கம்பெனி சொல்லிக் கொடுக்காதது, ட்யூப் முகத்துக்கு ஸ்பிரிட் சேர்ந்த பச்சைப் பாட்டிலைக் கொடுக்கவே கூடாது, ஏதாவது சாக்குச் சொல்லிக் கற்றாழை ஜெல்லைக் கையில் கொடுத்து, தோல் டாக்டரைப் பாரும்மா என்று அனுப்பிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே தமயந்திதான். அன்றைக்குச் சென்னையிலிருந்து கம்பெனிப் பெண் ஒருத்தி வந்து பின்னால் நின்றாள், உண்மை. அந்த மாசம் பச்சைப் பாட்டிலைத்தான் தள்ள வேண்டும் என்று காலையில் கூட்டம் போட்டாள், அதுவும் உண்மை. ஆனால் அவள் கையைப் பிடித்துத் திருகவில்லை, அந்தச் சமயம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்று பயமா? ஒரு பாட்டிலுக்கு யாரும் வேலையை விட்டு எடுப்பதில்லை. அந்தப் பெண் கேட்டாள், லேசா எரியுதே அக்கா, பரவாயில்லையா. இத்தனை வருஷத்தில் ஆயிரம் பேர் கேட்ட கேள்வி. ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில் முதல் படியில் தயாராக உட்கார்ந்திருந்தது, கதவைத் திறந்ததும் வெளியே வந்துவிட்டது. எரிஞ்சா நல்லதும்மா, உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம், பத்து நாள் விடாம போடு. சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. அப்போதாவது, இரும்மா, உனக்கு இது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பில் போட இரண்டு நிமிஷம் ஆயிற்று, பையில் போட ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. அலுப்பு. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, ட்யூபைப் பற்றிக் கேட்டு, அவள் இல்லை என்று சொல்லி, பிறகு ஒத்துக்கொண்டு, அழுது, இவள் சமாதானம் சொல்லி, அத்தனையையும் செய்ய அன்றைக்குத் தெம்பு இல்லை. அந்த மூன்று நிமிஷ அலுப்பைத் தூக்கிக்கொண்டு எட்டு நாளாக நடக்கிறாள். சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் தெறித்தால் அவள் ஞாபகம் வருகிறது.

டீச்சர் சீட்டை மடித்தாள். "உண்மையச் சொல்லும்மா," என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "உன் வீட்ல ஒரு பொண்ணு இருந்தா இத வாங்கிக் குடுப்பியா?" இப்படிக் கேட்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு, என் பொண்ணுக்கு இதைத்தான் மேடம் வாங்கிக் கொடுக்கிறேன் என்று சிரிக்க வேண்டும், பெண் இல்லாதவளும் அப்படித்தான் சொல்ல வேண்டும். தமயந்தி வாயைத் திறந்தாள். கிளிப் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கை துப்பட்டாவுக்குள் போய்க் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சுட்டது போல வெளியே வந்தது. வேண்டாம் மேடம், தண்ணியில கழுவினா போதும், மாய்ஸ்சரைசர் மட்டும் வாங்கிக்கங்க என்று சொல்லிவிட்டாள். சொன்னது தான்தானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. டீச்சர் இன்னும் மண்நிறமாகக் கிடந்த பஞ்சைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், எதை நம்புவது என்று தெரியாமல் யோசிச்சுட்டு வர்றேன் என்று ஒன்றுமே வாங்காமல் மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள். உண்மையை எடுத்துக் கொடுத்தால் மாய்ஸ்சரைசரும் சேர்ந்து போகிறது. போகட்டும். ஒருத்தியிடம் வந்துவிட்டது, இன்னொருத்தியிடமும் வந்துவிடும், நாக்கு பழகிவிட்டது என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். இதற்குள் அபிநயா கவுண்டருக்கு வந்துவிட்டாள்.

துப்பட்டாவை அவிழ்த்தாள். தமயந்தி கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கன்னமும் பச்சைப் புண்ணாகச் சிவந்து, வாயோரத்தில் தோல் காய்ந்து உரிந்து, சிரித்தால் விரிசல் விடுகிற மாதிரி இருந்தது. அவள் சிரித்தாள். நீங்க சொன்ன மாதிரியே எரியுது அக்கா, முதல்ல லேசா இருந்துச்சு, இப்ப நல்லாவே எரியுது, ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணுமேன்னு மூணு வேளை போடுறேன், பாட்டில் தீரப்போகுது, இன்னொண்ணு குடுங்க என்றாள். ராத்திரி மின்விசிறிக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு படுக்கிறாளாம், எரிச்சலில் தூக்கம் இல்லையாம், அம்மா திட்டுகிறாளாம், அக்கா சொல்லியிருக்காங்க உனக்குத் தெரியாது என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டாளாம். இதையெல்லாம் பெருமையாகச் சொன்னாள், வீட்டுப்பாடம் ஒன்றுக்கு மூன்றாக எழுதி வந்த பிள்ளை மாதிரி. தமயந்திக்கு அவளை ஒரு அறை அறைந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை. நிறுத்திரும்மா என்றாள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுடு, இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரப் பாரு, பூசுற ட்யூபையும் கையோட கொண்டுபோய்க் காட்டு, அதை நீயா நிறுத்தாத, அவங்க சொல்றபடி செய். ட்யூப் என்றதும் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எனக்கு இதுகூட ஏறாதா அக்கா?"

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பு கூசியது. உண்மையைச் சொன்னோம் என்று நினைத்தாள், இவள் காதில் தீர்ப்பாக விழுந்திருக்கிறது. டோனர் எல்லாருக்கும் வேலை செய்கிறது, இவளுக்கு மட்டும் செய்யவில்லை, இந்த நிறத்துக்கு இதற்குமேல் வராது, கவுண்டர் அக்காவே கை விரித்துவிட்டாள். நிறத்தைப் பற்றி நான் பேசவே இல்லையேம்மா என்றாள். யாரும் பேச மாட்டாங்க அக்கா, சொல்லாமதான் சொல்வாங்க, மாப்பிள்ளையோட அம்மாவும் என் நிறத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல, நல்லா படிச்ச பொண்ணுன்னு மட்டும் மூணு தடவ சொன்னாங்க என்றாள் அபிநயா. அழவில்லை, கண்ணீர் பட்டால் கன்னம் எரியும் என்று இந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டிருப்பாள். தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள், உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை, அந்தப் பாட்டில் உனக்கு ஒத்துக்கொள்ளாதது, தப்பு பாட்டிலுடையது. அந்தப் பெண் பெரியவள் மாதிரி இவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பாட்டிலை எல்லாரும்தானே வாங்குறாங்க, அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே, என் மூஞ்சி அப்படி, நீங்க பாவம் தெரியாமத்தானே குடுத்தீங்க, விடுங்க அக்கா. விடுங்க அக்கா. பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளை இவ்வளவு லேசாக விட்டதில்லை. தலையை ஆட்டினால் போதும். ஆட்டினால் இந்தப் பெண் இவளை மன்னித்துவிட்டு, தன் முகத்தை மன்னிக்காமல் வாசலைத் தாண்டிப் போய்விடுவாள், நாளைக்கு வேறு ஒரு கடை, வேறு ஒரு ட்யூப். தலை ஆடத்தான் பார்த்தது. எட்டு நாள் பாரம் இறங்கிவிடும் என்று கழுத்து நரம்புகூட ஆசைப்பட்டது. தனபால் பில் மேஜைப் பக்கத்திலிருந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பார்க்கட்டும்.

"தெரியும்மா," என்றாள் தமயந்தி. "நீ துப்பட்டாவ எடுத்த உடனேயே தெரிஞ்சுது. உன் முகத்துக்கு இத குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அபிநயாவின் கை அவள் கைக்குள் இருந்தபடியே விறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு விரலாக, வெளியே போயிற்று.

"ஏன்?"

அக்கா என்று சொல்லவில்லை. தமயந்தி காரணம் தேடினாள். கம்பெனிப் பெண் இருந்தாள், கூட்டம் இருந்தது, பச்சைப் பாட்டிலைத் தள்ள வேண்டிய மாசம் அது, எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் அடுக்கி வைத்த மாதிரி இருந்தன, எதையும் எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. "காரணம் ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். மாத்திச் சொல்ல அலுப்பா இருந்துச்சு."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள். நம்பியது முகத்தில் நன்றாகத் தெரிந்தது, குனிந்திருந்த கழுத்து நிமிர்ந்தது, புண்ணான கன்னத்தோடு தாடை இறுகியது, இத்தனை நேரம் தன் மேலேயே திருப்பி வைத்திருந்ததை மெதுவாக இவள் பக்கம் திருப்பினாள். தமயந்தி அதை வாங்கிக்கொண்டு நின்றாள். நீங்கல்லாம் மனுஷங்களா என்று கேட்டாள் அபிநயா, சத்தமாக, மாடிப்படியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. தனபால் வேகமாக வந்தார், என்னம்மா என்ன பிரச்சினை, உட்காருங்க, கூல்டிரிங்க்ஸ் சொல்லட்டுமா என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. துப்பட்டாவைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெந்த முகத்தை யாரிடமும் மறைக்காமல், விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தாள். என்ன சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட என்று தனபால் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தமயந்தி வேண்டிக்கொண்டாள்.